துரிஸ்மோ வெலோச்சே: மூன்று சிலிண்டர், நான்கு நாள்

முதல் முப்பது கிலோமீட்டரில் இந்த வண்டி எனக்குப் பிடிக்கவில்லை. பல வருஷமாகப் படம் பார்த்து ஏங்கிய எம்.வி. அகுஸ்டா துரிஸ்மோ வெலோச்சே லுஸ்ஸோ என்ற இத்தாலிய பைக், வட இத்தாலியில் நான்கு நாள் வாடகைக்கு எடுத்தது, பின்சீட்டில் மனைவி, மேலே ஜூலை மாத வெயில், எல்லாம் சரியாக இருந்தும் வளைவில் சாய்க்கப் போனால் ஹேண்டில் கனமாக இழுத்தது, முன்சக்கரம் என் பேச்சைக் கேட்காமல் தனியாகப் போவது போல இருந்தது, இதற்கா இத்தனை ஆசை என்று மனசு சுருங்கிவிட்டது. வரேசே நகரத்துக்கு முன்னால் ஒரு பெட்ரோல் பங்கில் சந்தேகத்தோடு நிறுத்திக் காற்று பார்த்தேன். முன்டயரில் இருக்க வேண்டியதில் பாதிக்குக் கொஞ்சம்தான் மேலே இருந்தது. வாடகைக்குக் கொடுத்தவர் வண்டியைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தார், கண்ணாடியில் ஒரு விரல் தடம்கூட இல்லை, டயரை மட்டும் குனிந்து பார்க்கவில்லை. அவர் பெயர் இங்கே வேண்டாம். எடுக்கும்போதே நானும் பார்த்திருக்க வேண்டும்.

காற்று அடித்துக்கொண்டு கிளம்பி அடுத்த ரவுண்டானாவில் நுழைந்து வெளியே வந்தபோது பின்னாலிருந்து முதுகில் தட்டி, "என்னங்க, வண்டியை மாத்திட்டீங்களா?" என்றாள். வண்டி ஓட்டத் தெரியாதவளுக்கே அந்த வித்தியாசம் தெரிந்தது. அதிலிருந்து நான்கு நாளும் நான் கவனித்தது பெரும்பாலும் இந்த ஒன்றைத்தான்: இது ஏன் இப்படித் திரும்புகிறது? விடை தேடப் போனால் கதை அறுபது வருஷம் பின்னால் போகிறது, அதனால் இந்த விமர்சனமும் அங்கே போய்த்தான் திரும்பி வரும்.

முதலில் வண்டி. இத்தாலிய மொழியில் துரிஸ்மோ வெலோச்சே என்றால் வேகமான சுற்றுலா. 2013-ல் மிலான் கண்காட்சியில் காட்டினார்கள், விற்பனைக்கு வந்தது 2015-ல். 798 சிசி, வரிசையாக மூன்று சிலிண்டர், 110 குதிரைத்திறன். இதே எஞ்சின் குடும்பம் எஃப்3 800 என்ற ஸ்போர்ட்ஸ் பைக்கில் 148 குதிரைத்திறன் தருகிறது. அதை எடுத்து, உச்சியில் இருந்த சக்தியைக் குறைத்து, நடுவிலும் கீழேயும் இழுவை கூடும்படி மாற்றி, மேலே ஒரு நெடும்பயண உடம்பைப் பொருத்தியிருக்கிறார்கள். பெட்ரோல் இல்லாமல் எடை 200 கிலோவுக்குள். இரண்டு பக்கமும் 30 லிட்டர் பெட்டி, சூடாகும் கைப்பிடி, க்ரூஸ் கண்ட்ரோல், சென்டர் ஸ்டாண்ட், அப்புறம் ரோட்டைப் பார்த்துத் தானே இறுகித் தளரும் சாக்ஸ் நிறுவனத்தின் எலக்ட்ரானிக் சஸ்பென்ஷன், இதெல்லாம் லுஸ்ஸோ மாடலில் சேர்ந்தே வருகிறது. லுஸ்ஸோ என்றால் ஆடம்பரம் என்று பொருள், பெயருக்குத் தக்க விலைதான்.

நிறுத்தி வைத்துப் பார்த்தால் வலப்பக்கம் கண் போய்விடும். சைலன்சரின் மூன்று வாய்கள் ஒன்றன் மேல் ஒன்றாக, குட்டையாக, சாய்த்து வெட்டின மாதிரி. பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் கை இடப்பக்கம் மட்டும்தான், அதனால் வலப்பக்கம் சக்கரம் முழுசாகத் திறந்து தெரிகிறது. பெட்டிகளை மாட்டினாலும் ஹேண்டிலின் அகலத்தை மிஞ்சாதபடி ஒட்டி உட்கார வைத்திருக்கிறார்கள், நெரிசலில் இரண்டு காருக்கு நடுவே புகும்போது ஹேண்டில் போனால் பெட்டியும் போகும் என்ற தைரியம் வருகிறது. பெரிய பெட்டி கட்டிய பயண பைக்குகளை ஓட்டியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய நிம்மதி என்று தெரியும்.

சரி, திரும்புகிற விஷயம். சுற்றுகிற பம்பரத்தை விரலால் சாய்க்கப் பார்த்தால் அது எதிர்க்கும் இல்லையா, பைக்கின் சக்கரமும் அப்படித்தான், வேகம் ஏற ஏறச் சாய மறுக்கும். எஞ்சினுக்குள்ளே இன்னொரு பம்பரம் சுற்றுகிறது, பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டு, கிராங்க் ஷாஃப்ட். பெரும்பாலான பைக்குகளில் அது சக்கரம் சுற்றுகிற திசையிலேயே சுற்றும், அதன் பிடிவாதமும் சக்கரங்களின் பிடிவாதத்தோடு சேர்ந்துகொள்ளும். எம்.வி. இந்த மூன்று சிலிண்டரில் கிராங்கைத் தலைகீழாகச் சுற்ற விட்டிருக்கிறது. இரண்டு பம்பரமும் எதிரெதிராகச் சுற்றும்போது ஒன்றின் பிடிவாதத்தில் கொஞ்சத்தை இன்னொன்று தின்றுவிடுகிறது. கூடவே இன்னொரு லாபம்: ஆக்சிலரேட்டரைச் சட்டென்று முறுக்கும்போது கிராங்க் வேகமெடுக்கிற எதிர்விசை முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தப் பார்க்கிறது, வண்டி தலை தூக்குவது குறைகிறது. இதற்கு நடுவில் ஒரு கூடுதல் ஷாஃப்ட் வேண்டும், கொஞ்சம் சக்தி அதில் போகும், செலவும் கூடும். உலக சாம்பியன்ஷிப் பந்தய வண்டிகளில் இருந்த இந்த ஏற்பாட்டை எம்.வி. 2012-ல் எஃப்3 675-ல் ரோட்டு வண்டிக்குக் கொண்டு வந்தது. அதையேதான் பெட்டி மாட்டி ஊர் சுற்றுகிற இந்த வண்டியிலும் விட்டு வைத்திருக்கிறார்கள். கணக்குப் பார்க்கிற கம்பெனி இங்கே அதை எடுத்துவிட்டுச் சாதாரண கிராங்க் போட்டிருக்கும்.

கையில் அது எப்படித் தெரிகிறது என்றால், இடதுபக்கம் சாய்ந்து ஒரு வளைவை முடித்து உடனே வலதுபக்கம் சாய வேண்டிய இடத்தில். வேறு வண்டியில் அங்கே ஹேண்டிலைத் தள்ள வேண்டியிருக்கும், தோளில் கொஞ்சம் வேலை இருக்கும். இதில் பார்வையைத் திருப்பினேன், முழங்கால் டாங்கை லேசாக அழுத்தியது, வண்டி அந்தப் பக்கம் விழுந்துவிட்டது. இரண்டு பெட்டி, இரண்டு ஆள், நிறைந்த டாங்க், அத்தனையோடும்.

வரேசே ஏரிக்கரையில் ஸ்கிரான்னா என்ற இடத்தில்தான் இவர்களின் தொழிற்சாலை. ஒரு காலத்தில் மாக்கி கம்பெனி தண்ணீரில் இறங்கும் விமானம் செய்த கொட்டகைகள் இருந்த கரை அது. வெளியே ரோட்டில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினோம். பார்க்க வேண்டிய இடம் அங்கிருந்து தெற்கே, மால்பென்சா விமான நிலையத்தை ஒட்டியிருக்கும் காஷினா கோஸ்தா. அங்கே அகுஸ்டா மியூசியம் இருக்கிறது. பக்கத்திலேயே ஹெலிகாப்டர் தொழிற்சாலை. அந்தத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள்தான் மியூசியத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள். அரை நாளாவது ஒதுக்குங்கள்.

அகுஸ்டா குடும்பம் அடிப்படையில் விமானக்காரர்கள். ஜியோவானி அகுஸ்டா 1923-ல் தொடங்கிய விமானக் கம்பெனி. அவர் 1927-ல் இறந்த பிறகு மனைவி ஜியுசெப்பினாவும் மூத்த மகன் டொமெனிகோவும் நடத்தினார்கள். இரண்டாம் உலகப் போரில் இத்தாலி தோற்றது, விமானம் செய்யத் தடை வந்தது, ஆட்களுக்கு வேலை வேண்டும், மக்களுக்கு மலிவாக ஒரு வண்டி வேண்டும். 1945-ல் மெக்கானிகா வெர்கேரா என்று பக்கத்துக் கிராமத்தின் பெயரில் ஒரு கம்பெனி, அதன் சுருக்கம்தான் எம்.வி. முதல் வண்டி 98 சிசி. அதற்கு வெஸ்பா என்று பெயர் வைக்க நினைத்திருந்தார்கள், பியாஜியோ முந்திக்கொண்டது. பிறகு 1952-ல் அமெரிக்காவின் பெல் கம்பெனியிடம் உரிமம் வாங்கி ஹெலிகாப்டர் செய்யத் தொடங்கினார்கள். அந்த ஹெலிகாப்டர் பணம்தான் டொமெனிகோவின் பந்தய ஆசைக்குத் தீனி போட்டது. பைக் விற்பதற்காகப் பந்தயம் ஓட்டிய கம்பெனிகள் உண்டு. டொமெனிகோவுக்குப் பந்தயத்தில் ஜெயிப்பதே வேண்டியிருந்தது, கடைசி வரைக்கும் அப்படித்தான் செலவழித்தார்.

1952-ல் செசில் சான்ட்ஃபோர்ட் 125 சிசி பிரிவில் முதல் உலகப் பட்டம் வாங்கித் தந்தார். அடுத்த வருஷமே மேன் தீவுப் பந்தயத்தில் லெஸ் கிரஹாம், எம்.வி.யின் 500-ஐ ஓட்டிக்கொண்டிருந்தபோது விழுந்து இறந்தார். அந்தப் பெரிய வண்டியை வழிக்குக் கொண்டுவந்ததில் அவருக்குப் பெரிய பங்கு. 500 சிசி பட்டம் 1956-ல் ஜான் சர்டீஸ் கையில் வந்தது. பிறகு 1964-ல் ஃபெராரியில் கார் பந்தய உலகப் பட்டமும் வாங்கிய அதே சர்டீஸ்தான், இரண்டு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலக சாம்பியன் ஆன ஒரே மனிதர். 1958 முதல் 1974 வரை, இடையில் ஒரு வருஷம்கூட விடாமல் பதினேழு வருஷம் 500 சிசி ஓட்டுநர் பட்டம் எம்.வி. வண்டியில்தான்: சர்டீஸ், கேரி ஹாக்கிங், மைக் ஹெயில்வுட், ஜியாகோமோ அகோஸ்டினி, ஃபில் ரீட். மொத்தக் கணக்கு ஓட்டுநர் பட்டம் 38, தயாரிப்பாளர் பட்டம் 37, கிராண்ட் பிரீ என்ற உலகப் பட்டப் பந்தயங்களில் வெற்றி 270.

இந்த எண்களெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். மியூசியத்தில் வண்டிக்கு ஒரு கை தூரத்தில் நிற்கும்போதுதான் வேறு மாதிரி இருக்கிறது. சிவப்பும் வெள்ளியும் பூசிய தகட்டு மூடி, முன்னால் மஞ்சள் வட்டத்தில் கறுப்பு எண். மஞ்சள் என்றால் 500 சிசி, 350 என்றால் நீலத்தில் வெள்ளை எண். அங்கிருந்த பெரியவர் ஒருவர், வேலை பார்த்த காலம் முழுக்க ஹெலிகாப்டர் பக்கத்தில் இருந்தவராம், எங்களுக்கு இத்தாலிய மொழி அரைகுறை, அவருக்கு வேறு மொழி தெரியாது, எங்களை நான்கு சிலிண்டர் வண்டிக்கு முன்னால் நிறுத்தி இரண்டு கையையும் விரித்துக் காட்டினார், அப்புறம் மூன்று சிலிண்டர் வண்டிக்கு முன்னால் கூட்டிப் போய்க் கைகளை நெருக்கிக் காட்டினார். அவ்வளவுதான் பாடம். நான்கு சிலிண்டர் அகலம், கனம். மூன்று சிலிண்டர் ஒல்லி.

அந்த ஒல்லி எஞ்சின்தான் நம் கதையில் திரும்பத் திரும்ப வருவது. 1960-களில் ஹோண்டா கிராண்ட் பிரீக்குள் வந்து எல்லாப் பிரிவையும் கலக்கிக்கொண்டிருந்தது. எம்.வி. பதிலுக்கு 350 சிசியில் மூன்று சிலிண்டர் கட்டியது. 1965-ல் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் இறங்கிய முதல் பந்தயத்திலேயே அகோஸ்டினி அதில் ஜெயித்தார். புரெஷியாவில் பிறந்து இசேயோ ஏரிக்கரை லோவரேயில் வளர்ந்த இருபத்திரண்டு வயதுப் பையன் அப்போது. அந்த எஞ்சினை ஊதிப் பெரிதாக்கி 1966-ல் 500 பிரிவுக்கும் கொண்டு வந்தார்கள். எதிரே யார்? நான்கு வருஷம் தொடர்ந்து எம்.வி.க்கு 500 பட்டம் வாங்கிக் கொடுத்துவிட்டு ஹோண்டாவுக்குப் போன ஹெயில்வுட். இந்த ஹெயில்வுட் சாதாரண ஆள் இல்லை. 1964-ல் டேடோனாவில் காலையில் எம்.வி.யில் ஒரு மணி நேரத்தில் 233 கிலோமீட்டர் ஓடி உலக சாதனை வைத்துவிட்டு, அதே நாள் அமெரிக்க கிராண்ட் பிரீயையும் ஜெயித்தவர். இப்போது அவர் கையில் ஹோண்டாவின் நான்கு சிலிண்டர், சக்தி அதிகம், ஆனால் வளைவில் அடங்காத வண்டி. அகோஸ்டினி கையில் மூன்று சிலிண்டர், சக்தி கொஞ்சம் குறைவு, திரும்புவதில் சமர்த்து.

1967 சீசனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. மேன் தீவில் ஆறு சுற்றுப் பந்தயம். இரண்டு பேரும் மாறி மாறி முன்னால். ஹெயில்வுட்டின் ஆக்சிலரேட்டர் பிடி கழன்று வர, பெட்ரோல் போட நின்ற இடத்தில் சுத்தியல் வாங்கி அடித்து உட்கார வைத்துக்கொண்டு போனார். அவர் அன்று ஓடிய ஒரு சுற்று மணிக்கு 175 கிலோமீட்டர் சராசரி, எட்டு வருஷம் அதை யாரும் தொடவில்லை. ஐந்தாவது சுற்றில் அகோஸ்டினியின் செயின் அறுந்தது, ஹெயில்வுட் ஜெயித்தார். அப்புறம் மொன்சாவில் கதை தலைகீழ். ஹெயில்வுட் தனியாக முன்னால் போய்க்கொண்டிருக்க, முடிய சில சுற்றுகள் இருக்கும்போது கியர்பாக்ஸ் சிக்கிக்கொண்டது, அகோஸ்டினி சொந்த நாட்டு ஜனங்களுக்கு முன்னால் தாண்டிப் போய் ஜெயித்தார். சீசன் முடிவில் இரண்டு பேருக்கும் ஒரே புள்ளி, இரண்டு பேருக்கும் ஐந்து ஐந்து வெற்றி. இரண்டாம் இடங்களை எண்ணித்தான் பட்டம் அகோஸ்டினிக்குப் போனது.

அடுத்த வருஷம் ஹோண்டா விலகியது, அகோஸ்டினி 1968-ல் 500 பிரிவின் பத்துப் பந்தயத்தையும் ஜெயித்தார். எதிரி இல்லாத பட்டம் என்று சொல்பவர்கள் உண்டு, பாதி நியாயம்தான். ஆனால் பலமான எதிரி இருந்த 1966-லும் 1967-லும் ஜெயித்தது இந்த மூன்று சிலிண்டர்தானே. ஒல்லியாகவும் லேசாகவும் கட்டு, நேர்ரோட்டில் கொஞ்சம் விட்டுக்கொடு, வளைவில் எடுத்துக்கொள் என்ற கணக்கு அன்று போட்டது. இன்றைய 798 சிசி எஞ்சினுக்கும் அதற்கும் ஒரு நட்டு போல்ட்கூடப் பொதுவாக இருக்காது. கணக்கு மட்டும் அதேதான் என்று காற்று சரியாக அடித்த டயரோடு ஓட்டியபோது எனக்குப் பட்டது.

டொமெனிகோ 1971-ல் இறந்தார். ஜப்பானின் டூ ஸ்ட்ரோக் வண்டிகள் நெருங்கிவிட்டன. அகோஸ்டினியே யமஹாவுக்குப் போய் 1975-ல் எம்.வி.யிடமிருந்து பட்டத்தைப் பறித்தார், பிறகு திரும்பி வந்து 1976 ஆகஸ்டில் நூர்பர்க்ரிங்கில் எம்.வி.க்குக் கடைசி கிராண்ட் பிரீ வெற்றியையும் வாங்கித் தந்தார். மூன்று சிலிண்டர் முதல் வெற்றி கண்ட அதே ஊர். மியூசியத்தில் அந்தப் பெரியவர் 1976 என்று விரலால் காற்றில் எழுதிக் காட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லாமல் நின்றார்.

இரண்டாம் நாள் கோமோ, லெக்கோ, ஏரியை ஒட்டிய சுரங்கப் பாதைகள், கோலிகோவில் வலப்பக்கம் திரும்பி வல்தெல்லினா பள்ளத்தாக்கு. ஒரு பக்கம் ஆப்பிள் தோட்டம், மறுபக்கம் மலைச்சரிவில் படிப்படியாகத் திராட்சை. நேரான ரோடு, லாரி அதிகம், அடிக்கடி வேகக் கேமரா. இந்த மாதிரி இடத்தில்தான் ஒரு நெடும்பயண வண்டி எப்படி என்று தெரியும். மூன்றாவது நான்காவது கியரில், எஞ்சின் மெதுவாகச் சுற்றும் கீழ் ஆர்பிஎம்மிலிருந்தே நன்றாக இழுக்கிறது, லாரியைத் தாண்ட கியர் குறைக்க வேண்டாம், முறுக்கினால் போதும். ஆறாயிரத்தைத் தாண்டினால் சத்தம் மாறும், அடித்தொண்டையிலிருந்து உச்ச ஸ்தாயிக்கு ஏறுகிற மாதிரி. மூன்று சிலிண்டரின் அந்தக் குரல் நான்கிலும் வராது, இரண்டிலும் வராது. எட்டாயிரத்துக்கு மேல் கால் வைக்கும் இடத்தில் கால் கூசுகிற ஒரு அதிர்வு உண்டு, அங்கே நெடுநேரம் இருக்க மாட்டோம் என்பதால் தொந்தரவில்லை. டாங்க் இருபது லிட்டருக்கு மேல் பிடிக்கும். எங்களுக்குச் சராசரியாக லிட்டருக்கு 17 கிலோமீட்டர் கொடுத்தது.

காற்றுத் தடுப்பு கண்ணாடியை ஓடிக்கொண்டே ஒரு கையால் ஏற்றி இறக்கலாம், மோட்டார் எதுவும் இல்லை, அதுவே நல்லது. ஆனால் கண்ணாடி சின்னது. நெடுஞ்சாலையில் 130-ல் போகும்போது நெஞ்சில் காற்று அடிக்கவில்லை, ஹெல்மெட்டுக்கு மேலே இரைச்சல் இருந்தது, என்னைவிட உயரமானவர்களுக்கு இன்னும் இருக்கும். மெனு பட்டன்கள் சிறிசு, கையுறையோடு அமுக்கக் கஷ்டம். பின்சக்கரம் வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ட்ராக்‌ஷன் கண்ட்ரோலில் எட்டு நிலை, ஓட்டும் முறைகள் நான்கு. துரிஸ்மோ முறையில் போட்டுவிட்டு நான் மாற்றவே இல்லை, மழை வந்த ஒரு மணி நேரம் தவிர. பின்சீட்டு அகலம், கைப்பிடி சரியான இடத்தில் இருக்கிறது, நாளுக்கு இருநூறு கிலோமீட்டர் உட்கார்ந்தும் முதுகு வலிக்கிறது என்று அவள் சொல்லவில்லை. இதைவிட வேறு சான்றிதழ் எனக்குத் தேவையில்லை.

மூன்றாம் நாள் போர்மியோவிலிருந்து ஸ்டெல்வியோ. 2,757 மீட்டர் உயரத்தில் கணவாய், மறுபக்கம் பிராட்டோ ஊருக்கு இறங்கினால் 48 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட கல். இங்கேதான் எஸ்.சி.எஸ். என்ற கிளட்ச் பற்றிச் சொல்ல வேண்டும், எங்கள் வண்டியில் அது இருந்தது. அமெரிக்காவின் ரெக்ளூஸ் நிறுவனத்தோடு சேர்ந்து செய்தது. எஞ்சின் மெதுவாக ஓடும்போது கிளட்ச் தானே விலகி நிற்கும், ஆர்பிஎம் ஏற ஏறச் சுழற்சியின் விசையால் தானே பிடிக்கும். ஸ்கூட்டர் மாதிரி கிளம்பலாம், நிற்கலாம், எஞ்சின் அணையாது. கியர் வழக்கம்போலக் காலால்தான். கிளட்ச் லீவரும் அங்கேயே இருக்கிறது, வேண்டுமானால் பிடிக்கலாம்.

ஏறும்போது இது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லி முடியாது. மேலே வளைவுக்குள் ஒரு பஸ் நுழைந்துவிட்டது, டிரைவர் முன்னும் பின்னும் எடுத்துத் திருப்புகிறார், நாங்கள் சரிவில் வளைவின் உள்பக்கம் ஒற்றைக் காலில் நிற்கிறோம், சீட் 85 சென்டிமீட்டர் உயரம், உள்பக்கம் தரை இன்னும் கீழே. சாதாரண வண்டியில் அங்கே பாதிக் கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் என்று மூன்றையும் சமாளித்து, கொஞ்சம் தப்பினாலும் எஞ்சின் அணைந்து, இரண்டு பேரும் பெட்டியோடு சாய்வோம். இங்கே பின்பிரேக்கை மிதித்துக்கொண்டு நின்றேன், பஸ் போனது, முறுக்கினேன், கிளம்பிவிட்டது. இடது கை சும்மாவே இருந்தது.

இறங்கும்போது மட்டும் ஒரு கவனம் வேண்டும், இதை வாங்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். ஆர்பிஎம் மிகவும் இறங்கினால் கிளட்ச் விலகிக்கொள்ளும், அந்த நொடி எஞ்சின் வண்டியைப் பின்னுக்கு இழுத்துப் பிடிப்பது காணாமல் போய் வண்டி நியூட்ரலில் உருளுவது போல முன்னே போகும். முதல் இரண்டு வளைவில் எனக்கு அப்படி ஆனது, வயிறு கலங்கியது. அப்புறம் புரிந்துகொண்டு, வளைவுக்குள் ஆக்சிலரேட்டரை ஒரு நூல் பிடித்தபடி பின்பிரேக்கைத் தொட்டுக்கொண்டே இறங்கினேன், 48 முடியும்போது அதுவே பழகிவிட்டது. இன்னொன்று, எஞ்சினை அணைத்துவிட்டால் கியரில் போட்டு நிறுத்தினாலும் வண்டி நிற்காது, உருளும். அதற்காகவே தனியாக ஒரு பார்க்கிங் பிரேக் வைத்திருக்கிறார்கள். சரிவில் நிறுத்தும்போது முதலில் கை போக வேண்டிய இடம் அது.

சாக்ஸ் சஸ்பென்ஷன் பற்றி ஒரே வரி: கணவாய் ரோட்டின் பெயர்ந்த தார், பனியில் வெடித்த விளிம்புகள், எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, அடுத்த வளைவில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் குப்புற விழாமல் தாங்குகிறது. பிரெம்போ பிரேக்கை ஒரு விரலால் இழுத்தாலே போதும்.

இப்போது வாங்கலாமா என்ற கேள்வி. லுஸ்ஸோ எஸ்.சி.எஸ். இத்தாலியிலேயே 20,000 யூரோவுக்கு மேல். மூன்று சிலிண்டரில் இதே வேலையைச் செய்யும் யமஹா ட்ரேசர் அதைவிட மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஊருக்கு ஊர் சர்வீஸ் இருக்கும். புத்தியால் மட்டும் யோசிப்பவர் அதை வாங்குவார், அவர் செய்வது சரிதான். எம்.வி.யின் ஷோரூம்கள் ஐரோப்பாவிலேயே இடைவெளி விட்டு விட்டுத்தான். கம்பெனி கைமாறிய கதையும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழைய அகுஸ்டா பைக் செய்வதை நிறுத்திய பிறகு, 1990-களின் தொடக்கத்தில் பெயரை வாங்கியது வரேசேயின் காஸ்டிலியோனி குடும்பம். மாசிமோ தம்புரினி வடிவமைத்த எஃப்4 1997-ல் வந்து பெயரை மறுபடி உலகத்துக்குச் சொன்னது, டுகாட்டி 916-ஐ வரைந்த அதே கை. பிறகு 2004-ல் மலேசியாவின் புரோட்டான், அவர்கள் ஒரு வருஷத்தில் ஒரு யூரோவுக்கு விற்றார்கள். 2008-ல் ஹார்லி டேவிட்சன். அந்த ஏரிக்கரைத் தொழிற்சாலை 1978 வரை ஹார்லியிடம் இருந்ததுதான், முப்பது வருஷம் கழித்துத் திரும்ப வாங்கி, 2010-ல் மறுபடி காஸ்டிலியோனியிடமே கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ரஷ்யாவின் சர்தாரோவ் குடும்பம், 2022-ல் ஆஸ்திரியாவின் கேடிஎம் பைக் கம்பெனிக்குப் பங்கு, 2024-ல் கேடிஎம்முக்கே பெரும்பங்கு, அந்த வருஷக் கடைசியில் கேடிஎம்மே கடனில் விழ, 2025-ல் மறுபடி சர்தாரோவ். இத்தனை கை மாறியும் ஸ்கிரான்னாவிலிருந்து இன்னும் வண்டி வருகிறது என்பது எனக்கு மரியாதை வரவைக்கிறது. ஆனால் இப்படி ஒவ்வொரு முறையும் நடுவில் மாட்டிக்கொள்வது உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கும் ஓட்டுநர்தான். ஆகவே வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் நல்ல டீலர் இருந்தால் மட்டும் வாங்குங்கள். பழைய வண்டி பார்ப்பவர்கள் சர்வீஸ் புத்தகம் இல்லாததைத் தொடவே வேண்டாம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும்.

அந்த நிபந்தனை பொருந்துகிறவர், மலைரோடு பிடிக்கிறவர், ஒரு ஆளைப் பின்னால் உட்கார வைத்துப் போகிறவர் என்றால் இந்த விலைப் பிரிவில் நான் ஓட்டியவற்றில் இதைப் போலத் திரும்புகிற பயண வண்டி வேறில்லை.

நான்காம் நாள் மாலை திருப்பிக் கொடுக்கும்போது கடைக்காரரிடம் முன்டயர் கதையைச் சொன்னேன். முகம் சிவந்துவிட்டது, மன்னிப்புக் கேட்டார், உள்ளே போய் அளவி எடுத்து வந்து முற்றத்தில் நின்ற மற்ற வண்டிகளின் டயர்களையும் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் மூன்று சைலன்சரும் ஆறும்போது வரும் டிக் டிக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றேன். செப்டம்பரில் இதே வண்டி நான்கு நாள் காலியாக இருக்குமா, பனி வந்து ஸ்டெல்வியோவை மூடுவதற்குள், என்று கேட்டது அவள்தான்.